உள்ளே நின்றுவிட்ட கூடு

கிடங்கில் திருடர்கள் புகுந்த அன்று காவலரின் ரைபிள் ஒரே ஒரு தடவைதான் சுட்டது. அடுத்த தோட்டா சிக்கிக்கொண்டது. உடன் காவல் நின்ற கூட்டாளி கத்திக்குத்தில் செத்துப் போனார். துப்பாக்கியைச் சுத்தமாக வைக்கவில்லை என்று காவலர் மேல் குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். கூட்டாளியைச் சாகக் கொடுத்தவன் என்ற பெயர் போகவே போகாது. ரைபிளைச் சோதித்து அறிக்கை தர வேண்டியவர் ஆயுத அறையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர்.

அவர் மேசையில் துணியை விரித்தார். மனசு மரத்துக் கிடந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து அடுத்தது ஏறவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேகசினில் ஒரு குறையும் இல்லை. முதல் தோட்டாவின் காலிக் கூடு, தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் சேம்பரை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே இருந்தவன் எழுந்திருக்காவிட்டால் வந்தவன் எங்கே உட்காருவான்?

கம்பியால் தள்ளிக் கூட்டை எடுத்தார். அதை வெளியே இழுக்கும் கொக்கி பட்டு விளிம்பு பிய்ந்திருந்தால், கூடு அழுக்கில் ஒட்டியது என்று அர்த்தம், காவலர் தொலைந்தார். விளிம்பு முழுசாக இருந்தது. சேம்பரைத் துடைத்த துணியிலும் ஒரு தோட்டாவின் புகைக்கறைதான். அப்படியானால் கொக்கிதான் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. கொக்கியை அழுத்தும் ஸ்பிரிங்கைக் கழற்றினார். அதில் சிவப்புச் சாயம். தேறாது என்று அவரே தடவி ஒதுக்கியது.

பெரிய அதிகாரி வந்து சுட்டுப் பார்க்கும் ரைபிள்களுக்கு, மற்றவற்றின் நல்ல ஸ்பிரிங்குகள் போகும். அவர் இருக்கும்வரை அந்த இடங்களில் சிவப்புச் சாயம் பூசியவை. அதிகாரி கிளம்பியதும் திரும்ப மாற்ற வேண்டும். போன தடவை ஒன்றை மறந்துவிட்டார். புது ஸ்பிரிங் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களும் ‘இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்’ என்று திரும்பியிருந்தன.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். “இன்னுமா நோண்டிட்டு இருக்கீங்கண்ணே? பராமரிப்பு சரியில்லைன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது.”

“சேம்பர் சுத்தமா இருக்கேப்பா.”

“அப்ப விதின்னு விடுங்க. செத்தவன் நேரம் அவ்வளவுதான்.”

“விதிக்கு ஸ்டோர் லிஸ்ட்ல நம்பர் இருக்கா? ஸ்பிரிங்குக்கு இருக்கு.”

“ரிட்டையர் ஆக ஒன்பது மாசம் இருக்கு. உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்காதீங்க!”

மேலே இருப்பவன் கொடுக்க மறுத்ததற்கு, கீழே இருப்பவன் வைக்கும் மரியாதையான பெயர் விதி. ஆர்மரர் பேனாவை எடுத்தார். ‘சேம்பர் சுத்தம். கொக்கி ஸ்பிரிங் தேறாதது. அதைப் போட்டது நான். மாற்ற மறந்ததும் நான். திரும்பி வந்த கடிதங்கள் மூன்றும் இணைப்பு.’

தாளோடு வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த காவலர் எழுந்து நின்றார். “என்னங்கய்யா எழுதியிருக்கீங்க?”

“உன் மேல தப்பில்ல. அந்த ஸ்பிரிங்கைப் போட்டது நான்தான்.”

காவலர் அவரையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆர்மரருக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அறிக்கை கேட்டிருந்த அதிகாரியின் கதவைத் தட்டினார்.