சொல்லுக்கா, என்ன ஆச்சு?

டப்பிங் என்பது அடுத்தவர் வாய்க்குள் நம் குரலை வைத்துவிட்டு, நாம் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் வெளியே வந்துவிடும் தொழில். பஸ்ஸில் 'ஆள் இறங்கணும்' என்று சொல்லக் கூசி அடுத்த ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடக்கும் எனக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. உங்களில் யாராவது வாய் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே வாயால் பிழைத்திருந்தால், நான் பட்டது புரியும்.

எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். மலையாள தேசத்தில் நாங்கள் இருந்த ஊரில், தம்பானூர் பக்கம் ஒரு மாடி அறையில் மலையாள சீரியல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகிக்கு மனசுக்குள் யாரிடமும் சொல்லாத ஒரு காயம். நான் அவளுடைய தங்கையின் குரல். எந்த எபிசோடை எடுத்தாலும் எனக்கு ஒரே வசனம்தான்: "சொல்லுக்கா, என்ன ஆச்சு?" அவள் சொல்ல மாட்டாள். சொன்னால் சீரியல் முடிந்துவிடும்.

விழும் டம்ளர்

அந்தக் காயத்தை நாங்கள் டம்ளரால் காட்டினோம். பழைய ஊர்ப் பேரை யாராவது எடுத்தால் போதும், அவள் கையில் இருப்பது நழுவும். முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள், பக்கத்துக்கு ஒரு இடி. சத்தத்துக்கென்றே ஒலிப்பதிவாளர் பிஜு சேட்டன் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். விழுந்து விழுந்து அது நேராக நிற்காது. ஒருநாள் அதைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "இந்தப் பெண்குட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிக் கொடுத்தா பாதி துக்கம் தீரும்."

மௌனத்துக்கு ஒரு மூச்சு

ஒரு காட்சியில் அந்த நடிகை எதுவுமே செய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். தங்கை பக்கத்தில் நின்று பார்க்கிறாள், அவ்வளவுதான். வசனம் இல்லை.

நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன். டப்பிங் டைரக்டர் சார் கை காட்டி நிறுத்தினார். இதற்குச் சத்தம் வேண்டாமே சார் என்று எப்படியோ முனகினேன். முன்பின் எதிர்த்துப் பேசியவள் இல்லை என்பதால் அவர் கோபப்படக்கூட இல்லை. பொறுமையாகச் சொன்னார்: "மோளே, சத்தம் இல்லன்னா ஆளுங்க சேனல் மாத்தும். ஒரு மூச்சு போடு, அப்புறம் நம்ம வரியச் சொல்லு." போட்டேன். சொன்னேன்.

சாலை மார்க்கெட்டில்

என் அக்கா அப்போது கரமனையில் எங்களோடுதான் இருந்தாள். திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மத்தியானம் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியவள், திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளைக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது என்று அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். வீட்டுக்குள்ளும் நாங்கள் அதையே நம்புகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டோம்.

ஒருநாள் அக்காவோடு காய் வாங்கப் போனேன். சேனைக்கிழங்கு விற்கும் தென்காசிக்கார அம்மாவிடம் விலை கேட்டதுதான் தாமதம், சீரியல் தங்கையின் குரல் என்று பிடித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கிழங்குக் குவியலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அக்கா பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அக்காகாரிய விட்டுராத தாயி. வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் கேட்டுக்கிட்டே இரி."

தீப்பெட்டி

அக்கா கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை. தோசை வட்டமாகத்தான் வார்த்தாள். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றால் மட்டும் கேஸை அணைத்துவிட்டு, சுவரோரம் அசையாமல் நிற்பாள். வந்தது வேறு யாரோ என்று தெரிந்த பிறகு மறுபடி பற்றவைப்பாள். வீட்டில் எல்லாரும் இதைப் பார்த்தோம். அம்மா தீப்பெட்டி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் சீரியல் ஓடும்போது அக்கா தவறாமல் வந்து உட்காருவாள். நான் உள்ளே போய் ஒளிந்துகொள்வேன். என் குரலை வீட்டில் கேட்க வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மார்க்கெட்டுக்குப் போய்வந்த அன்று நான் எழுந்தபோது அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை: "பாரேன், அவளை ஒருத்தி விடாமக் கேக்கறா. நம்மாத்துல யாரும் கேக்கலையாக்கும்."

என் குரல்

மறுநாள் அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அக்கா கேஸை அணைத்தாள். பக்கத்து வீட்டுக்கு வந்த வண்டி, சத்தம் நின்றுவிட்டது. அவள் தீப்பெட்டியை எடுக்கும்போது நான் அடுக்களை வாசலில் போய் நின்று, "சொல்லுக்கா, என்ன ஆச்சு?" என்றேன்.

என்ன கொடுமை என்றால், முதலில் ஒரு மூச்சு வந்தது. அப்புறம் அந்த இழுவை, அந்த நடுக்கம், எல்லாம் டைரக்டர் சார் கேட்ட அளவில். அக்கா சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இது டிவியில் வரும் குரல், உன் குரலில் கேள் என்றாள். கேட்டேன். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. பிஜு சேட்டனாக இருந்தால் ஒன்ஸ் மோர் என்றிருப்பார். அக்கா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்: "உக்காரு. அம்மா வரதுக்குள்ள சொல்லிடறேன்."

எபிசோடுக்கு எபிசோடு அந்த ஒரு வரியைச் சொல்லியே சம்பளம் வாங்கியவளுக்கு, அதற்கு நிஜமாகவே ஒரு பதில் வந்தபோது, அடுத்து என்ன பேசுவதென்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.