சீருடை ஏறாத வீடு

கனடாவில் பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் பேக்கரியின் பாண் வான் ஓட்டும் இரவிச்சந்திரனின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: இராணுவ உடுப்பு வாசற்படி தாண்டக் கூடாது. மகன் ரதீசன் கனடிய இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் பகுதிநேரமாகச் சேர்ந்தபோது அவர் மறிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் அண்ணனைப் பறிகொடுத்த மனைவி பாலாம்பிகை அந்தப் பச்சை நிறத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அதனால் ரதீசன் காருக்குள்ளேயே உடுப்பை மாற்றிக்கொண்டுதான் மேல்மாடியிலிருந்த வீட்டுக்கு வருவான்.

கொரோனா முதலில் பரவிய வசந்தத்தில் அவனை ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவிக்கு அனுப்பினார்கள். ஊட்டிவிட்டான், கழுவித் துடைத்தான். பிள்ளைகள் வந்து பார்க்க முடியாமல் செத்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வேலை முடிந்து கோடையும் வந்த பிறகுதான் கோளாறு தொடங்கியது. வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருப்பான். மேலே சோறு ஆறிப்போகும்.

இரவிச்சந்திரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குண்டு விழவில்லை, துவக்குச் சத்தம் இல்லை. பிறகு எதற்கு இது? ஆறுதல் என்று நினைத்து, ஊரில் குண்டுவீச்சுக்கு ஒளிந்து தான் இரவு முழுக்கப் பங்கருக்குள் கிடந்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போன கதையைச் சொன்னார். அதன்பின் மகன் அவரோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டான். இராணுவத்தின் மனநல ஆலோசகரிடம் போகப்போவதையும், வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரச் சொன்னதையும் தாயிடம்தான் தெரிவித்தான். அவள் சொல்லக் கேட்ட இரவிச்சந்திரனுக்கு இரண்டு பக்கமும் பயம்: போனால் பைத்தியம் என்று எழுதி வேலையைக் கெடுத்துவிடுவார்களோ? போகாவிட்டால் பிள்ளையே கெட்டுப்போவானோ?

போகவேண்டிய நாள், அவன் கீழே இறங்கிக் கனநேரமாகியும் கார் அசையவில்லை. சீருடை மாற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த மகனுக்குப் பக்கத்து இருக்கையில் அவர் போய் அமர்ந்தார்.

“போகேல்லையோ, தம்பி?”

“தெரியேல்லை அப்பா.” அவனே தொடர்ந்தான்: “அங்க எல்லாருக்கும் முகமூடி. என்ரை இந்தப் பச்சைக் காற்சட்டையைப் பாத்துத்தான் அந்த ஆச்சிமார் என்னை அடையாளம் பிடிக்கிறவை. கண்டா அவ்வளவு சந்தோசம். இஞ்ச வந்தா அதைக் கழட்டி ஒளிக்கவேணும். அவையளையும் காருக்குள்ள விட்டிட்டு மேல வாற மாதிரிக் கிடக்கு.”

அந்த உடுப்பைக் கண்டு ஒருவர் மகிழ்வது அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை. பிள்ளையை இப்படி ஆக்கியது அந்தச் சாவுகளா, தான் போட்ட சட்டமா? சட்டத்தை எடுத்துவிட்டால் பாலாம்பிகை என்ன ஆவாள்? ஒன்றும் பிடிபடவில்லை. இருக்கைப் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

“நானும் வாறன். பிரெஞ்சில கேட்டா, பொன்ஜூர் எண்டு வணக்கம் சொல்லுறதுக்கு மேல என்னட்டை ஒண்டுமில்லை. என்ன கேப்பினம்?”

“எனக்கு என்ன நடக்குதெண்டு உங்களுக்கு விளங்குதோ எண்டு கேப்பினம்.”

“விளங்கேல்லையே.”

“அதையே சொல்லுங்கோ. எனக்கும் விளங்கேல்லை.”

ரதீசன் காரை எடுத்தான்.