தோழன் மோதிரமும் பதினொரு நிமிடமும்

துஷாந்தன் லண்டன் அணியில் ஆறு வருடமாக இருக்கிறான் என்பதை அவனுடைய அம்மா பாலாம்பிகை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆறு வருடமும் அவன் பெஞ்சில்தான் இருந்தான். அதை எப்படிச் சொல்வது?

இது நமக்குப் பழக்கமான கால்பந்து அல்ல. அயர்லாந்துக்காரரின் கேலிக் கால்பந்து. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஆளோடு ஆள் தோளால் மோதலாம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலால் பறந்தால் ஒரு புள்ளி. வெம்பிளியில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், பள்ளிக்கூட அணியில் ஒருநாள் பதினைந்து பேருக்கு ஒருவர் குறைந்துவிட்டார். சும்மா நின்றவனை இழுத்துவிட்டார்கள். அன்று இறங்கியவன் இருபது வருடமாக ஏறவில்லை.

படித்து முடித்து எலக்ட்ரீசியன் ஆனான். பகலெல்லாம் வயர் இழுப்பான்; செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேரே கில்மோரா கழகத்தின் மைதானத்துக்குப் போவான். அங்கே அவன் ராசா. நான்கு வருடம் தலைவன், ஒரு லீக் கிண்ணம், எலும்பு முறிவுகள் ஐந்து. வலது கை மோதிர விரல் மட்டும் இரண்டு தடவை முறிந்து, மூட்டு நெல்லிக்காய் மாதிரி வீங்கியே நின்றுவிட்டது. இதற்குச் சம்பளம் கிடையாது என்று அறிந்த அன்று பாலாம்பிகை கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அப்பா சபாரத்தினம் வழக்கம்போல எந்தப் பக்கமும் சாயாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கழகத்தில் ராசாவாக இருந்தாலும், லண்டன் கவுண்டி அணிக்குப் போனால் அவன் இருபத்துநான்காம் இலக்கச் சட்டைக்காரன். இந்த விளையாட்டில் லண்டனும் அயர்லாந்துக் கவுண்டிகளோடு, அதாவது மாவட்டங்களோடு, சேர்த்தி. ஒவ்வொரு சித்திரையிலும் கடல் தாண்டி ஓர் அணி றைஸ்லிப் மைதானத்துக்கு வரும். அந்தச் சம்பியன்ஷிப் ஆட்டத்தில் கால் வைத்தவனைத்தான் லண்டனுக்கு ஆடியவன் என்பார்கள். துஷாந்தன் ஆறு சித்திரையிலும் ஓரத்தில் ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். சூடான உடம்பு ஆறியதுதான் மிச்சம்.

ஏழாவது சித்திரையில் தங்கை விதுஷாவுக்குக் கலியாணம். ஐயர் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்து, ஒரே ஒரு நல்ல நாள்தான் இருக்கிறது என்று அந்த ஆட்ட ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். முகூர்த்தம் காலையில், ஹரோவில் மண்டபம். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டையும் பார்க்கலாம் என்று துஷாந்தன் மன்றாடினான். பாலாம்பிகை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: இந்தச் சேற்று விளையாட்டு அன்றோடு முடிய வேண்டும், அடுத்தது அவனுடைய கலியாணப் பேச்சு. முப்பத்துமூன்று வயதுக்காரன் தலையாட்டினான். இனி அவனுக்கு இருந்தது அந்த ஒரே ஆட்டம்தான்.

எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பவன் பெண்ணின் சகோதரன். வாசலில் அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ, மாப்பிள்ளை அவன் விரலில் தங்க மோதிரம் போடுவார். கலியாணம் ஆகாத தம்பிதான் நிற்பது வழக்கம். இங்கே தம்பி இல்லை. ஆனால் கலியாணம் ஆகாத அண்ணன் தாராளமாக இருந்தான். மோதிரத்துக்கான அளவை விதுஷா அவனுடைய பழைய மோதிரம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தாள். விரல் முறிவதற்கு முந்தைய அளவு. மாப்பிள்ளை நிருஜன் போட்டான்; மூட்டில் நின்றது. படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். நிருஜன் பல்லைக் கடித்துத் தள்ள, மோதிரம் மூட்டைத் தாண்டி உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தாலி கட்டி முடிந்ததும், நெற்றியில் விபூதியும் சந்தனமுமாக, வேட்டியோடு தன் வேலை வானை ஓட்டிக்கொண்டு றைஸ்லிப் போனான். உடைமாற்றும் அறையில் சோப்புப் போட்டு இழுத்தான், நூல் சுற்றி இழுத்தான். மோதிரம் அசையவில்லை. நகையோடு களத்தில் இறங்க விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியும் பெஞ்சுதானே என்று விரலைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டினான். ஆறு வருடப் பழக்கம் மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது. எனக்கு அதை நினைக்கக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையில் லண்டன் ஆறு புள்ளி பின்னால். பயிற்சியாளர் திரும்பி, இருபத்துநான்கு என்றார். துஷாந்தன் தனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தான்.

கோட்டருகே அவனை நிறுத்தியது அணியில் காயங்களைப் பார்க்கும் பிசியோ ஷெறோன். இல்ஃபோர்ட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. டேப்பைத் தடவிப் பார்த்தவளின் முகம் மாறியது. உயரப் பந்தைப் பிடிக்கும்போது யாராவது கையை இழுத்தால் மோதிரத்தோடு விரலும் போய்விடும், அனுப்பமாட்டேன் என்றாள்.

துஷாந்தன் பெஞ்சடியில் கிடந்த தன் பைக்குள் கையை விட்டான். எலக்ட்ரீசியனின் பையில் வேறு எது இல்லாவிட்டாலும் வயர் வெட்டும் குறடு இருக்கும். அதை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அண்ணை, இது கலியாண மோதிரம் எல்லோ? அம்மாவுக்கு என்ன சொல்லுவியள்?"

சுபநாளில் போட்ட பொன்னை அன்றைக்கே வெட்டுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவனுக்குத் தெரியும். தங்கையின் வாழ்வுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தான். அம்மா இதை மன்னிக்கமாட்டார் என்றும் தோன்றியது. கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடினான்.

"வெட்டும் தங்கச்சி. அம்மாவோட நான் கதைக்கிறன்."

பதினொரு நிமிடம் ஆடினான். ஒருமுறை மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தான். நாலடி வைத்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போனது. ஒரு புள்ளி. அதற்குள் எதிரணி இன்னும் இரண்டு புள்ளி எடுக்க, லண்டன் ஏழு புள்ளியால் தோற்றது. அவன் அழுதான், ஆனால் தோற்றதற்காக அல்ல.

வீட்டுக்கு வந்தபோது பாலாம்பிகை முதலில் பார்த்தது விரலைத்தான். அவன் வெட்டுப்பட்ட மோதிரத்தை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னான். அவர் திட்டவில்லை; திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவனோடு கதைக்கவே இல்லை. விதுஷாவும் நிருஜனும் விருந்துக்கு வந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைத்தான் உற்று உற்றுப் பார்த்தார். அன்று நிருஜன் யாரோ எடுத்து அனுப்பியிருந்த ஆட்டத்தின் வீடியோவைப் போனில் காட்டினான். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு திரும்பவும் பார்த்தார்.

"மேலால போட்டுது. பிழைச்சுப்போச்சோ?"

இல்லை, அதற்கும் ஒரு புள்ளி உண்டு என்று நிருஜன் சொன்னான். அவர் மூன்றாம் தடவை பார்த்தார்.

சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வெம்பிளியில் சண்முகராசாவின் நகைக்கடைக்குப் போனார். துஷாந்தன் குற்றவாளி மாதிரிப் பக்கத்தில் நின்றான். சண்முகராசா மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்டு அடையாளமே தெரியாமல் பழைய அளவிலேயே ஒட்டித் தருவதாகச் சொன்னார்.

பாலாம்பிகை மகனின் வலது கையைப் பிடித்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வீங்கிய அந்த மூட்டை முதல்தடவையாகத் தடவிப் பார்த்தார்.

"பழைய அளவு வேண்டாம். இந்த மூட்டுக்கு மேலால வரத்தக்கதாப் பெருசாக்குங்கோ. வாற சித்திரைக்கும் இவன் கழட்டி வச்சிட்டுப் போகவேணும்."