சட்டைப் பையில் இருந்த நீல ஆணி

பேய், பிசாசு, கழிப்பு எண்டு ஆராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுற ஆள் நான். வேணுமெண்டால் எங்கட மனிசி வசந்தியைக் கேட்டுப் பாருங்கோ. அவவைக் கோயில் வாசலில இறக்கிவிட்டிட்டு, வெளியில நிண்டு ஆரோடையாவது கதையளக்கிறதுதான் என்ர பக்தி. ஆனபடியால் இதைக் கேட்டு நீங்கள் சிரிச்சால் எனக்குக் கோவம் வராது, நானெண்டாலும் சிரிச்சிருப்பன். ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். இந்தக் கதையில பேயை விட மோசமான வேலை செய்தது நான். பழிவாங்க வெளிக்கிட்டதும் நான்தான்.

இரண்டாயிரத்து ஐஞ்சோ ஆறோ இருக்கும். அப்ப நாங்கள் இந்தப் பனி நாட்டில ரொக்ஸ்பரோ எண்ட ஊரில இருந்தனாங்கள், எனக்குச் சாமான் அடுக்கிற மரப் பலெட் அடிக்கிற பட்டறையில பின்னேர வேலை. காலமை சும்மா கிடக்கிற நேரத்துக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினன். நிலத்துக்குக் கீழ கிடக்கிற காசு, மோதிரம் எல்லாம் காதுக்குள்ள சத்தமா வரும். அதில நிலத்துக்கு மேலால ஆட்டுற வட்டத்துக்குக் கொயில் எண்டு பேர். வசந்தி அதைக் கோயில் கோயில் எண்டு பகிடி பண்ணினதால வீட்டில அதுக்கு வட்டு எண்டு பேர் வைச்சிட்டம்.

எங்கட வீட்டுக்குக் கிட்ட ஆத்தங்கரையில ஒரு பூங்கா. கோடை முழுக்கச் சனம் இறைச்சி வாட்டித் தின்னுற இடம். மண்ணுக்குள்ள பியர் மூடி, சோடாப் பேணியைத் திறந்து எறிஞ்ச வளையம், வெள்ளித்தாள், ஆணி, வேற ஒண்டும் இல்லை. நாய் கொண்டு உலாவ வாற பிரெஞ்சுக் கிழவர் ஒராள் என்னைக் காணும்போதெல்லாம் பொஞ்ஜூர் சொல்லிப்போட்டு, "நகரசபை உனக்குச் சம்பளம் தரவேணும்" எண்டு சிரிப்பார்.

அந்தப் பூங்காவில எனக்கு முன்னமே ஒராள் தேடிக்கொண்டிருந்தவர். சூசை அண்ணை. மன்னார் ஆள், வேதக்காரர், அறுபது தாண்டியிருக்கும், ஆற்றையும் முகத்தைப் பாத்துக் கதைக்க மாட்டார். என்ன வட்டு வாங்கினால் நல்லது எண்டு நான் அவரைத்தான் கேட்டனான்.

"பெரிசா வாங்கும் தம்பி. பதினைஞ்சு இஞ்சி அகலம். ஆழமாப் போகும்."

நம்பி வாங்கினன். கோடை முழுக்க அந்தப் பெரிய வட்டைத் தூக்கித் தூக்கித் தோள் மூட்டுக் கழண்டு போச்சு. ஒரு வீச்சில ஏழெட்டுச் சாமான் வட்டுக்குக் கீழ வந்தால் எல்லாச் சத்தமும் ஒண்டாக் குழம்பித் தலையிடிதான் மிச்சம். குப்பைச் சத்தத்தை அடக்கிற திருகைத் திருப்பினன். பேணி வளையத்தின்ர சத்தமும் சின்னத் தங்கத்தின்ர சத்தமும் ஒண்டு, அதை அடக்கினால் இதுவும் அடங்கிப் போகும் எண்டு எனக்குப் பேந்துதான் தெரியும். குப்பை நிறைஞ்ச இடத்துக்குச் சின்ன வட்டுத்தான் வேணும். திருகைத் தொடாமல், எல்லாக் குப்பையையும் காது குடுத்துக் கேட்டுக்கொண்டு, சாண் சாணாப் போகவேணும். சூசை அண்ணை வைச்சிருந்தது என்ன வட்டு எண்டு நினைக்கிறியள்? ஐஞ்சு இஞ்சி. கோப்பித் தட்டளவு.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் டோனட் கடையில எங்கட ஆக்கள் ஏழெட்டுப் பேர் இருக்கேக்கை ஒருத்தர் கேட்டார், "என்ன குணம், புதையல் கிடைச்சுதோ?" நான் வாய் திறக்க முன்னம் சூசை அண்ணை சொன்னார், "இவருக்கு மூடி பொறுக்கத்தான் சரி. இவர் வேற எங்கையும் போய்த் தேடினால் நல்லது." எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பு எனக்கு ரெண்டு கிழமையா நித்திரையிலயும் கேட்டது.

பலெட்டுக்கு அடிக்கிற ஆணிக்கு நீல மெருகு பூசியிருக்கும். வளைஞ்சு போனதை ஒரு வாளியில போடுவினம். அதில ஒரு சாப்பாட்டுப் பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு, மழை பெய்த ஒரு ஐப்பசிக் காலமை, அவர் வாறதுக்கு முன்னம் பூங்காவுக்குப் போனன். மேப்பிள் மரத்துக்கும் சனம் குந்தியிருக்கிற வாங்குக்கும் இடையில ஒரு துண்டு நிலம். அவர் எங்க தொடங்கினாலும் கடைசியில அங்கதான் வந்து நிப்பார். அந்தத் துண்டு முழுக்கக் குதிக்காலால ஆணியை அமத்தி அமத்தி விதைச்சன். தங்கத்துக்குப் பக்கத்தில இரும்பு கிடந்தால் இரும்புதான் கத்தும், தங்கத்துக்கு வாய் இராது. அவரே எனக்குச் சொல்லித் தராமல் விட்ட பாடம் அது. ஒரு ஆணி தூண்டில் மாதிரி நல்லா வளைஞ்சது, என்ர பெருவிரலைக் குத்திக் கிழிச்சுப் போட்டுது. ரத்தத்தோடையே அதையும் அமத்தினன். நம்பினால் நம்புங்கோ, எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்தது.

பேந்து ஒவ்வொரு காலமையும் காருக்குள்ள இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு பாத்தன். மனிசன் ஆட்டுவார், குனிவார், முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார், கிண்டுவார், ஆணி. எழும்புவார், அடுத்த அடி, திரும்பவும் ஆணி. கிண்டு, கிண்டு எண்டு எனக்குள்ள சொல்லிச் சிரிச்சன். முதல் பனி கொட்டின அண்டு அவர் ஒரு ஆணியைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். என்ர காரையும் பாத்தார். ஆணியைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு போனார்.

மாசியில அவர் செத்துப்போனார். நெஞ்சு வலியாம். செத்த வீட்டுக்குப் போகாட்டிச் சனம் என்ன சொல்லும், போனன். அவற்ற மகள் ஜெசிந்தா, அதுவரைக்கும் நான் கண்டும் இல்லை, என்னட்ட வந்து கேட்டா.

"மெட்டல் டிடெக்டர் வைச்சிருக்கிற குணம் அங்கிள் நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்பா உங்களுக்குப் பொய் சொன்னவராம். பெரிய வட்டு வாங்கச் சொல்லி. உங்களைக் கண்டு மன்னிப்புக் கேட்க வேணுமெண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

பிறகு மிச்சத்தையும் சொன்னா. ரெண்டு வருசத்துக்கு முன்னம் அந்தப் பூங்காவில அவையின்ர கோயில் பங்குச் சனத்தின்ர ஒன்றுகூடல். கிளித்தட்டு விளையாட்டில மறிக்கேக்கை அவவின்ர தாயின்ர சங்கிலி அறுந்து போச்சு. சங்கிலி கிடைச்சுது, அதில கோத்திருந்த தாலி, வேதக்காரர் கட்டுற புறாப் போட்ட தாலி, கிடைக்கேல்லை. அந்த மாரிக்குள்ளையே தாய் புற்றுநோயில போயிட்டா. கழுத்தில தாலி இல்லாமலே குழியில தாட்டவையாம். அதை எடுத்து அந்தக் குழிக்குள்ள வைக்கவேணும் எண்டுதான் மனிசன் மிசினே வாங்கினவர். வேற ஆராவது எடுத்துக் கொண்டு போயிடுவினமோ எண்ட பயத்திலதான் என்னைக் கலைச்சிருக்கிறார்.

"கடைசியா அவற்ற சட்டைக்குள்ள ஒரு ஆணி இருந்தது அங்கிள். நீலம், தூண்டில் மாதிரி. ஒராளிட்டக் குடுக்க வேணும் எண்டவர், ஆரெண்டு சொல்லேல்லை. எறிய மனம் வரேல்லை, கோட்டுப் பைக்குள்ள வைச்சே பெட்டியை மூடிட்டம்."

எனக்குப் பெருவிரல் சுள்ளெண்டு குத்தினது.

பனி மாரியில மண் கல்லு மாதிரி இறுகியிருக்கும், கன இடங்களில குழி வெட்டித் தாக்க மாட்டினம். பெட்டியை இடுகாட்டுச் சேமக்காலையின்ர மண்டபத்தில பூட்டி வைச்சிருந்து, மண் இளகினாப் பிறகுதான் இறக்குவினம். சூசை அண்ணையை மனிசியின்ர குழியிலதான் இறக்கப் போகினம், சித்திரைக் கடைசிச் சனிக்கிழமை. அதுக்குள்ள தாலியை எடுத்தால்தான் உண்டு. நான் ஐஞ்சு இஞ்சி வட்டு வாங்கினன். பனி உருகினவுடன ஒவ்வொரு விடியலும் போனன். மரத்துக்கும் வாங்குக்கும் இடையில என்ர ஆணியள் ஒவ்வொண்டாக் கத்தினது, ஒவ்வொண்டா எடுத்தன். எடுக்க எடுக்கக் குறையேல்லை. சாப்பாட்டுப் பெட்டி நிறைஞ்சுது, பேந்து ஒரு வாளியும் நிறைஞ்சுது. நான் விதைச்சது ஒரு பெட்டி தான். பிரெஞ்சுக் கிழவர் நாயோட நிண்டு பாத்திட்டு, இந்த முறை சிரிக்கேல்லை.

சனிக்கிழமை விடிய ஆறு மணி. மிசினைப் போட்டன். சத்தமே இல்லை. ஒரு மூடி இல்லை, ஒரு வளையம் இல்லை, குப்பைப் பூங்கா செத்த வீடு மாதிரிக் கிடந்தது. பற்றரி முடிஞ்சுதோ எண்டு என்ர சப்பாத்துக்கு மேலால ஆட்டினன், சப்பாத்து ஆணி கத்தினது. மிசினில பிழை இல்லை. அப்பிடியே அடி அடியாப் போக, வாங்குக்குப் பக்கத்தில ஒரே ஒரு சத்தம். துப்பரவான சத்தம். ஒரு விரல் ஆழம் கூட இல்லை, புல்லை உரிச்ச உடன தெரிஞ்சுது. நீல ஆணி ஒண்டு தூண்டில் மாதிரி வளைஞ்சு கிடக்கு, அதில கொழுவினபடி புறாப் போட்ட தாலி. ஆணியில ஒரு துரு இல்லை, புதுசு. முனையில மட்டும் காய்ஞ்ச ரத்தம்.

பூட்டின பெட்டிக்குள்ள, கோட்டுப் பைக்குள்ள இருக்க வேண்டிய ஆணி.

சேமக்காலைக்கு ஓடினன். குழி வாய் திறந்து கிடக்கு, பெட்டி வெளியில, மூடின படி, ஒருத்தரும் திறக்கேல்லை. ஜெசிந்தாவிட்டப் போய்க் கையை விரிச்சுக் காட்டினன். ஜெசிந்தா தாலியை எடுத்து நெஞ்சோட வைச்சு அழுதா. பேந்து ஆணியை ரெண்டு விரலால தூக்கி, என்ர உள்ளங்கையில திருப்பி வைச்சு, என்ர விரலை மடக்கி விட்டா.

"இது உங்கட சாமான் அங்கிள். அப்பா ஆருக்குச் சொன்னவர் எண்டு இப்பத்தான் விளங்குது."

நான் ஆணி விதைச்சதை இந்த உலகத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். ஒரு கிழமைக்குப் பேந்து மிசினைச் சரி பாக்க வசந்தியின்ர தாலியைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில வைச்சு வட்டுக்கு மேலால ஆட்டினன். உர்ர்ர் எண்டது. இரும்புச் சத்தம். இருபத்திரண்டு கரட் தங்கம். வசந்தி வாங்கித் தன்ர கையில வைச்சு ஆட்டினா, ணிங் எண்டு மணி மாதிரிக் கேட்டது. என்ர கைக்கு வந்தால் உர்ர்ர். மிசினை மாத்தினன், வட்டை மாத்தினன், கையை மாத்தினன். இண்டைக்கும் அப்பிடித்தான்.

தாலிக்கொடியின்ர பூட்டுச் சுரை கழண்டால் இப்ப வசந்தி என்னைப் பூட்டக் கூப்பிடுறேல்லை. நான் பக்கத்திலதான் நிப்பன், ஒரு கையால தாலியைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறா.