புளி போட்டுத் தேய்த்த கற்கள்

மரக்காணம் உப்பளத்தில் அருக்காணியின் இன்ஜின் கொட்டகைக்குள் செருப்போடு நுழைய யாருக்கும் துணிச்சல் வராது. முதலாளி ஐயப்பனே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை அவள் புருஷன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் செத்துப்போன பிறகு, "பொம்பளைக்கு இது ஆவாது" என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போகும்படி இவள் ஓட்டிக் காட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. ஆனால் சுத்தத்தில் ஒரு கிறுக்கு உண்டு. துருவைக் கண்டால் போதும், அவளுக்கு ஆகாது. துரு பட்ட உப்பு சிவந்துவிடும், வியாபாரி முகம் சுளிப்பான். பாத்தியில் உப்பு வாருவதே மரப்பலகையால்தான். எதில் துரு தெரிந்தாலும் புளியும் பாத்தித் தண்ணீரும் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை.

இன்ஜின் புகை, வரப்பில் உப்புச் சுமக்கும் பெண்கள் முகத்தில்தான் போய் அடிக்கும். இருமாத ஆள் கிடையாது. அதற்கு வழி பார்க்கிறேன் என்று புதுச்சேரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி பிரியங்கா வந்தாள். புகைக்குழாயில் ஒரு பெட்டியை மாட்டினாள். உள்ளே சின்னச் சின்னக் கற்கள்.

"இது ஜியோலைட்டுன்னு பூமியில கெடைக்கிற கல்லுக்கா. ஒடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதுல அயர்ன் ஏத்தியிருக்கேன். புகையில இருக்குற விஷ கேஸை அதுதான் கொறைக்கும். இந்த டிரையல் ஓகே ஆனா எல்லா இன்ஜினுக்கும் மாட்டலாம். பொட்டிய மட்டும் தொறக்காதீங்க."

"சரி பாப்பா" என்று தலையாட்டினாள் அருக்காணி. பிரியங்கா சொன்னது இரும்பை; அயர்ன் என்றதும் அவள் நினைத்தது துணி தேய்க்கிற பெட்டியை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்!

பிரியங்கா வரும்போதெல்லாம் புகையில் விஷம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பாள். முள் இறங்கியதும் அருக்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். அருக்காணி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைத் தூக்குச்சட்டியிலிருந்தே சாப்பிடுவாள். தன் பேராசிரியர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை தொடரும் என்றாள்.

அவர் வருவதற்கு முந்தின நாள், கொட்டகையைக் கழுவித் துடைத்த அருக்காணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். கல்லெல்லாம் செம்பழுப்பாக இருந்தது. ஐயோ, உப்புக் காத்துல துரு ஏறிப்போச்சே! பெரியவர் பார்த்தால் பிள்ளையை என்ன நினைப்பார்? புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பாத்தித் தண்ணீர் விட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, வெயிலில் காயவைத்து, வெளுத்துப் பளிச்சென்றிருந்த கற்களைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினாள். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் இன்ஜின் ஓடியது. மீட்டர் முள் இறங்கவே இல்லை.

"இத்தனை நாளா எனக்குக் காட்டினதெல்லாம் என்னம்மா?" என்றார் பேராசிரியர். பிரியங்காவின் முகம் செத்துப்போயிற்று. இன்ஜினை நிறுத்தி, பெட்டி ஆறியதும் திறந்தாள். வெளுத்திருந்த ஒரு கல்லை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்; புளி வாடை. பிறகு அருக்காணியின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் இன்னும் செம்பழுப்புக் கறை.

துரு என்று தான் தேய்த்தெடுத்ததுதான் புகையைக் குறைத்த சரக்கு என்று அருக்காணிக்கு விளங்கிவிட்டது. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என் தப்புதான் சார். நான் சரியா பாக்கல" என்றாள் பிரியங்கா.

ஐயப்பன் வேறு, வந்தவருக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "எங்க அருக்காணி கொட்டாயை எப்பிடி வச்சிருக்குது பாத்தீங்களா சார்? கண்ணாடி மாரி!" என்றார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு. "இங்க இதோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லிப் பேராசிரியர் காரில் ஏறினார். பிரியங்கா திரும்பிப் பார்த்து, "வர்றேங்க்கா" என்றாள். திட்டியிருந்தால்கூட அருக்காணி தாங்கியிருப்பாள்.

கார் போனதும் மறுபடி இன்ஜினைப் போட்டாள். புகை வரப்பில் இறங்கியது. சுமைக்கூடையோடு இருமிக்கொண்டே மலர்கொடி கத்தினாள்: "இன்னா படிச்சி கிழிச்சா அந்தப் பொண்ணு? பொட்டி ஒண்ணுத்துக்கும் ஆவலியே!" மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

அருக்காணி இன்ஜினை அணைத்தாள். வரப்பில் போய் நின்றாள்.

"ஏய், சிரிக்காதீங்கடி. பொட்டி நல்லாத்தான் வேலை செஞ்சுது. துருன்னு நெனச்சி நான்தான் புளி போட்டுத் தேச்சிட்டேன். அந்தப் புள்ள கண்டுபுடிச்சிட்டு, என்னைக் காட்டிக் குடுக்காம போவுது. நானும் வாயை மூடிக்கினு நின்னேன். இந்த இருமலை நீங்க என்னாலதான் இருமுறீங்க."

பிரியங்காவுக்குப் போடச் சொல்லி ஐயப்பனிடம் போனை வாங்கினாள். புதுச்சேரி வழியில் கார் கூனிமேட்டைத் தாண்டிவிட்டது என்றாள் பிரியங்கா. "விடுங்கக்கா, பரவால்ல."

"பரவால்லன்னு விட முடியாது. வண்டிய நிறுத்தச் சொல்லு பாப்பா" என்றாள் அருக்காணி. "போனை சார் கையில குடு."