விரல் விட்டு எண்ணிய மனிதர்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எனக்கு இரண்டே பயம். ஒன்று சயாம்; போனவர் திரும்புவதில்லை. மற்றது, சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வரும் லாரி. தைரியமும் நிறைய இருந்தது. அதற்கு வேலை வராததால் யாருக்கும் தெரியவில்லை.

லூனாஸ் என்ற சிற்றூரில் ஒரு மளிகைக் கடையில் இருந்தேன். ஒருநாள் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, மரவள்ளி மாவு நைசா இருக்கா?"

"பலகாரமா?"

"மிருதங்கத்துக்கு. ரவை இப்ப எங்க கிடைக்குது? இதைத்தான் பிசைஞ்சு அப்பணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கச்சேரி. நீங்களும் வாங்களேன்."

"கச்சேரியா? இங்கயா?"

"பாட்டு, பிடில் எல்லாம் இருக்குலா. ரொம்ப நாளா நடக்குது. வெளிய மூச்சு விடாதீங்க."

நான் அறிந்த சங்கீதம் திருவிழா நாதஸ்வரமும் நாடக ஆர்மோனியமும்தான். ஆசை வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது. எங்கோ ஓர் ஊரில் இலவசப் படம் என்று ஆட்களைக் கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே சயாமுக்கு ஏற்றிவிட்டார்களாம். போனால் பிடிபடுவேன். போகாவிட்டால், ரகசியம் தெரிந்தும் வராதவன் ஜப்பானுக்கு ஒற்றன் என்பார்கள். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் போனேன்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை. பாலுக்கு மரம் வெட்டுவது நின்றுபோனதால் காலியாகக் கிடந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

"சத்தம் ரோட்டுக்குப் போகக்கூடாது" என்றார் டிரசர். எனக்கு அப்போதே உயிர் பாதி போயிற்று.

பாடியவர் கோலா கெத்தில் ஊர்த் தையற்காரர். பிடிலில் ஒரு கம்பிக்குப் பதில் கோத்தா கோலா மூடா மீனவரிடம் வாங்கிய தூண்டில் நரம்பு. அது கொஞ்சம் மூக்கால் பேசியது. ஆனாலும் அந்தக் குரல் எழுந்தபோது, லாரியை நான் ஒரு நிமிஷம் மறந்தே போனேன்.

அப்போதுதான் எதிரே இருந்தவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி ஒரு தட்டு. கையைப் புரட்டிப் போட்டார். இன்னொரு தட்டு, இன்னொரு புரட்டல். திரும்பவும் முதலிலிருந்து. ஆள் எண்ணுகிறான்! புரட்டுவது லாரியில் ஏற்றுவதற்கு. கடைசியில் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

எழுந்துவிட்டேன். "ஐயா, எனக்கு ரத்த மூலம்! சயாமுக்கு ஆகமாட்டேன்!"

சயாம் என்ற சொல் போதாதா? கொட்டகையே பின்கதவு வழியாக ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்தது. பாடகரும் பாய்ந்தார். நான் விழுந்த மழைத்தண்ணீர்க் கானில் என் மேலேயே இன்னொருவர் விழுந்தார். வெள்ளைச் சட்டை.

"எங்கய்யா லாரி?" என்றார் மூச்சிரைக்க.

"நீங்கதானே விரல் விட்டு எண்ணினீங்க! என்னைப் பாத்துத் தலையாட்டினீங்களே!"

"அட பாவி மனுசா, அது தாளம்! பாட்டு நல்லா இருக்குன்னு தலையாட்டினேன். நீங்க ஆள் பிடிக்க வந்தவரோன்னு நான் பயந்துட்டு இருந்தேன்!"

திரும்பி வந்தபோது டிரசர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அண்ணே, மூலத்துக்கு மருந்து இருக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

பாட்டு விட்ட இடத்தில் தொடங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர் என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

"நீங்களும் தாளம் போடுங்க. சும்மா இருந்தா மறுபடி ஓடிடுவீங்க."

"கை நடுங்குதே."

"நடுங்கட்டும். தாளத்தோட நடுங்கட்டும்."

சற்று நேரத்தில் ரோட்டில் நிஜமாகவே லாரிச் சத்தம். பாடகர் குரலை முணுமுணுப்பாக இறக்கினார். மிருதங்கத்தில் விரல் நுனி மட்டும். யாரும் ஓடவில்லை, ஓடினால் மரங்களுக்கிடையே தெரிந்துவிடுவோம். தோட்டத்து வளைவில் லாரி மெதுவாயிற்று. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். என் உயிர் அந்த மூன்று விரல்களில்தான் இருந்தது.

லாரி குலிம் பக்கம் போயிற்று. அங்கே யாருக்கோ அன்று பொழுது சரியில்லை.

பாடகர் குரலை மறுபடி உயர்த்தினார். நான் கையைப் புரட்டிப் போட்டேன். எல்லோரையும்விட ஒரு விரல் பின்தங்கித்தான். இன்றைக்கும் அப்படித்தான், லாரிக்குக் காது கொடுத்துக்கொண்டே தாளம் போட்டால் வேறென்ன ஆகும்?