ரெண்டு பாகம் ஒயர்

போன செவ்வாய்க்கிழமை புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு மீனவர், செல்போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "பத்து பாகத்துல வலைய வுடுன்னா, எவன்டா உன்ன கரையாண்ட வுடச் சொன்னது?"

அவர் போனை வைத்ததும், பாகம் என்றால் என்னவென்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்தார். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம் — ஏறக்குறைய ஆறடி. கயிறோ, கடல் ஆழமோ, அவர்களுக்கு அதுதான் கணக்காம். விரித்த கை என் மூக்கில் இடித்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்... அதை விடுங்கள். வீடு உப்பளத்துக்குப் பக்கத்தில். உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது? ஸ்குரூவை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் துருப்பிடித்திருக்கும். கொஞ்சம் மிகைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பச்சையம்மா வந்தார். பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவர், அறுபது வயதிருக்கும். கூடையில் மீனுக்குப் பதில் ஒரு ரேடியோ. சுனாமித் தண்ணீரில் நனைந்து, ஒரு வருஷமாக மூலையில் கிடந்ததாம். கணவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். கடலுக்குப் போன காலத்தில், ரேடியோவில் கடல் வானிலை கேட்காமல் படகைத் தொடமாட்டாராம்.

"காதாண்ட ஏதாவது பேசிக்கினு இருந்தா மனுசன் தெம்பா இருப்பாரு சார்," என்றார்.

உள்ளே பொரிந்திருந்த உப்பைச் சுரண்டவே ஒரு வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரம் ரேடியோ பேசியது. கரண்ட் ஒயர் மட்டும் பாக்கி. அன்றைக்குப் பார்த்து வந்த பச்சையம்மா, "ரெண்டு பாகமா போட்டுடுங்க சார்," என்றார்.

பாகம் என்றால் பகுதி. ரெண்டு பாகம் என்றால், உள்ளே இரண்டு கம்பி ஓடும் டூ கோர் ஒயர். அடடே, இந்த அம்மாவுக்கு இவ்வளவு விவரமா என்று வியந்துகொண்டேன். அவர் கையை விரித்துக்கூடக் காட்டியதாகப் பின்னால் சொன்னார். என் தலை ரேடியோவுக்குள் இருந்தது.

ஒயர் நீளத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபோது ஐந்தடி என்றால், இப்போதும் ஐந்தடிதான். நீளமாக விட்டால் காலில் தட்டும், எலி கடிக்கும், முக்கியமாக அழகு கெடும். நூல் சுற்றிய ஒயராகத் தேடி வாங்கி வைத்திருந்தேன். அளந்து வெட்டிப் போட்டேன். போதாததற்கு ஒரு பிரசங்கம் வேறு... ஒயரில் ஒட்டுப் போடக் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது, நேராகச் சுவரில்தான் சொருக வேண்டும், மீறினால் ஷாக் அடித்து ஆளையே தூக்கிவிடும் என்று.

பச்சையம்மா அந்த ஒயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். காது கொடுப்பதற்கு முன்பே புரிந்துகொண்டுவிடுகிற வியாதி எனக்கு மட்டும்தானா, உங்களுக்கும் உண்டா?

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பன்னிரண்டடி ஒயர் வாங்கிக்கொண்டு நேராகக் குப்பத்துக்குப் போனேன்.

அந்த வீட்டில் ஒரே பிளக் பாயிண்ட், வாசல் கதவை ஒட்டி. கடல்காற்று பட்டால் கணவருக்கு இருமல் வரும் என்பதால் கட்டிலை உள்சுவர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். கட்டில் காலியாக இருந்தது. அவர் போய்ப் பத்து நாள் ஆகிறது என்றார் பச்சையம்மா.

ஐந்தடி ஒயர் கட்டில் வரை எட்டாததால் ரேடியோ வாசலிலேயேதான் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் கொரகொரத்தது, குறைத்தால் அலைச் சத்தத்தில் உள்ளே எதுவும் விளங்கவில்லை. அதனால் பச்சையம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து, ரேடியோவில் காதை வைத்துக் கேட்டு, ஒவ்வொன்றையும் உள்ளே பார்த்து உரக்கச் சொல்லியிருக்கிறார். வெயிலில் உட்கார்ந்தவருக்கு உள்ளிருட்டில் முகம் தெரியாது. கணவரிடமிருந்து பதிலும் வராது. அவர் இறந்த அன்று காலையிலும் அப்படித்தான் கடல் வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"காத்து தெக்கால இருந்து அடிக்குமாம், அல ஒசரமா வருமாம்னு சொல்லிக்கினே இருந்தேன் சார். எப்பவும்தான் பதில் வராதே... முழுசா சொல்லி முடிச்சிட்டுதான் உள்ள போனேன்."

நான் செய்த தப்பைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பச்சையம்மா ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருக்கலாம். கடல் பாஷை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னையே சமாதானப்படுத்தினார். புது ஒயரை மாற்றித் தருகிறேன் என்று எடுத்தேன்.

"இனிமே எதுக்கு சார்? எனக்கு இந்த நீளம் போதும்."

அழகு கெடக் கூடாது என்று நான் குறைத்தது ஏழே அடி. அந்த ஏழடித் தூரத்தில் ஒரு மனிதர் தனியாகச் செத்துப்போனார்.